ராஜா பாட்டிலிருந்து திருவாரூருக்கு: நம் தீவுப் பிள்ளைகளுக்கு முத்துசுவாமி தீட்சிதரை அறிமுகம் செய்யும் முறை

மொரிசியஸில் வார இறுதித் தமிழ் வகுப்பு எடுப்பவர்களுக்கும், வீட்டில் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லித்தரும் பெரியவர்களுக்கும் உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். ஒன்பது முதல் பதின்மூன்று வயது வரையுள்ள நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள், பள்ளியில் பிரெஞ்சும் ஆங்கிலமும் படிக்கிறார்கள், தமிழை எழுத்துக் கூட்டி வாசிக்கிறார்கள். இவர்களுக்கு முத்துசுவாமி தீட்சிதர் என்னும் பெரும் இசைமேதையையும் அவர் வாழ்ந்த காலத்தையும் நான்கு சனிக்கிழமைகளில் அறிமுகம் செய்துவிடலாம்.

முதன்முறை இதைச் செய்தபோது நான் தவறான வாசல் வழியாக நுழைந்தேன். அவர் பிறந்த ஊர், தந்தையின் பெயர், ஆண்டு, இயற்றிய கீர்த்தனைகளின் வரிசை என்று கரும்பலகையை நிரப்பினேன். கால்மணி நேரத்திற்குள் பின்வரிசை முழுவதும் சன்னலுக்கு வெளியே லிச்சி மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெயரும் ஆண்டும் முதலில் வந்தால் பிள்ளைகள் அதைப் பரீட்சை என்று எடுத்துக்கொள்கிறார்கள். சுவரில் மாட்டிய, விபூதி பூசிய, வீணை ஏந்திய படத்தை முதலில் காட்டினாலோ, அவரைக் கோவில் சிலைகளில் ஒன்றாக எண்ணி ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆகவே முதல் வகுப்பில் படமும் வேண்டாம், பெயரும் வேண்டாம், ஒரு மெட்டு மட்டும் போதும்.

காதில் தொடங்குதல்

நம் பிள்ளைகளுக்கு டோ ரே மி ஃபா சோல் லா சி தெரியும். டோ என்பதை ஸ என்று வைத்துக்கொண்டால், அந்த ஏழும் ஸ ரி க ம ப த நி என்று அப்படியே சங்கராபரண இராகத்தின் சுரங்களாகிவிடுகின்றன. கீபோர்டு இருந்தால் வெள்ளைக் கட்டைகள் மட்டும் போதும். பிள்ளைகளிடம் ஒரு துண்டுக் காகிதத்தில் இந்த இரண்டு வரிகளை எழுதிக் கொடுத்து, என்ன பாட்டு என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்:

ஸ ஸ ரி நி ஸ ரி
க க ம க ரி ஸ

முதல் வரியில் வரும் நி மட்டும் ஸ-வுக்குக் கீழே உள்ள நி என்பதைச் சொல்லிவிட வேண்டும். அதை மேலே வாசித்தால் பாட்டு பிடிபடாது. இரண்டு மூன்று முறை தடவிப் பார்த்தபின், பந்தாட்டம் பார்க்கும் பையன் எவனாவது "இது இங்கிலாந்து ராஜா பாட்டு" என்று கத்துவான். அவர்களைவிடப் பெரியவர்களுக்கே இது சட்டென்று புரியும். 1968 மார்ச் 12ஆம் நாள் விடுதலை பெறும்வரை இத்தீவுக்கும் அதுவே அரசுப் பாட்டு; இன்று எழுபதைக் கடந்தவர்கள் பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று அதைப் பாடியவர்கள். எங்கள் வகுப்பில் பேரனை அழைத்துப்போக வந்த பாட்டி ஒருவர், செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நிமிர்ந்து நின்று, "கோவிலில் என்ன ராணி பாட்டு?" என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்லாமல் அதே மெட்டில் சொற்களை வைத்துப் பாடினேன்:

ஸந்ததம் பாஹி மாம்
ஸங்கீத ச்யாமளே
ஸர்வாதாரே ஜனனி

'எப்போதும் என்னைக் காப்பாற்று, சங்கீதமே வடிவான சியாமளையே, அனைத்தையும் தாங்கும் தாயே' என்பது இதன் பொருள். ஆறு அசைக்கு ஆறு சுரம் என்று முதல் இரண்டு வரிகளும் எப்படிப் பொருந்துகின்றன என்பதைப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணிப் பார்க்கட்டும். அரசனை வாழ்த்தும் மெட்டு அம்மனை வேண்டும் பாட்டாக மாறியிருப்பதை அவர்களே கண்டுபிடித்த பிறகுதான், இதைச் செய்தவர் யார் என்ற கேள்வி அவர்கள் வாயிலிருந்து வரும். அந்தக் கேள்வி வந்த பிறகு பெயரைச் சொன்னால் பெயர் மறக்காது.

இனிக் கதையைச் சொல்லலாம். தீட்சிதரின் குடும்பம் திருவாரூரை விட்டுச் சென்னைக்கு அருகிலுள்ள மணலியில் சில காலம் வாழ்ந்தது. கும்பினியாரோடு, அதாவது ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியாரோடு, தொடர்புடைய செல்வந்தரான மணலி முதலியார் குடும்பம் அவர்களை ஆதரித்தது. அவர்கள் வழியாக வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்திய இசையைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தது. கேட்ட மெட்டுகள் சிலவற்றுக்கு முத்துசுவாமி சமஸ்கிருதத்தில் சொற்கள் அமைத்தார். ஏறத்தாழ 40 பாடல்கள் அவ்வகையில் கிடைக்கின்றன. அவற்றுக்கு நோட்டுஸ்வரம் என்று பெயர். நோட்டு என்றதும் ரூபாய் நோட்டை நினைத்து ஒரு பிள்ளையாவது சிரிக்கும். நம் ரூபாய் நோட்டிலும் தமிழ் எழுத்து இருப்பதை ஒரு நோட்டை எடுத்துக் காட்டிவிட்டு, இங்கே அச்சொல் சுரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது என்று விளக்கிவிட்டால் முடிந்தது. அவருடைய தம்பி பாலுசுவாமியோ ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று அதை நம் இசைக்குப் பொருத்தினார். வகுப்பில் யாரேனும் வயலின் கற்பவர் இருந்தால், தோளில் வைத்து ஒருமுறையும், சம்மணமிட்டு அமர்ந்து அதன் தலையைக் காலில் ஊன்றி ஒருமுறையும் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். அந்த ஒரு காட்சி பத்துப் பக்க வரலாற்றுக்குச் சமம்.

"அப்படியானால் அவர் காப்பி அடித்தாரா?" என்று கண்டிப்பாக ஒரு பிள்ளை கேட்கும். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். நம் கோவில் பஜனையில் சினிமா மெட்டுக்குச் சாமி பாட்டு வைத்துப் பாடுவதை அவர்கள் அறிவார்கள். ஒரு மெட்டுக்குப் பல சொற்கள் வைப்பது அவருடைய காலத்தில் இங்கிலாந்திலும் சாதாரண வழக்கம். அதோடு, இந்த 40 பாடல்களும் அவருடைய படைப்பில் ஓர் ஓரம் மட்டுமே என்பதையும் சொல்லிவிட வேண்டும். மற்றவையெல்லாம் அவருடைய சொந்த மெட்டுகள். அந்த வேறுபாட்டைக் கேட்டு உணர, 'வாதாபி கணபதிம்' கீர்த்தனையை இரண்டே நிமிடம் ஒலிக்கவிடுங்கள். அது அமைந்துள்ள ஹம்சத்வனி இராகத்தை உருவாக்கியவர் தீட்சிதரின் தந்தை இராமசுவாமி என்பது மரபு. நோட்டுஸ்வரத்தில் சுரங்கள் படிக்கட்டுபோல் தனித்தனியாக நிற்கின்றன, கமகம் என்னும் அசைவு இல்லை. வாதாபியில் ஒரு சுரம் அடுத்த சுரத்துக்குள் வளைந்து வழுக்கிச் செல்கிறது. பிள்ளைகள் இதைக் கையால் காற்றில் வரைந்து காட்டுவார்கள். நாம் விளக்குவதைவிட அது தெளிவாக இருக்கும்.

துணி காயப்போடும் கயிற்றில் அறுபது ஆண்டுகள்

இரண்டாம் சனிக்கிழமைக்கு ஏழு மீட்டர் கயிறும், துணி கவ்விகளும், இரண்டு நிற அட்டைகளும் வேண்டும். மண்டபத்தின் இரு தூண்களுக்கிடையே கயிற்றைக் கட்டி, பத்து ஆண்டுக்கு ஒரு மீட்டர் என்று முடிச்சுப் போடுங்கள். இடப்பக்கத்து முதல் முடிச்சு 1775, ஆறு மீட்டர் தள்ளியுள்ள கடைசி முடிச்சு 1835. மஞ்சள் அட்டை தமிழகத்தில் நடந்ததற்கு, நீல அட்டை நம் தீவில் நடந்ததற்கு. அவருடைய காலத்தை வெறும் மன்னர்களின் பட்டியலாகச் சொன்னால் நம் பிள்ளைகளுக்கு ஒட்டாது. பள்ளியில் அவர்கள் படிக்கும் மொரிசியஸ் வரலாறு அதே அறுபது ஆண்டுகளுக்குள்தான் பெரிய திருப்பங்களைக் காண்கிறது என்பதால், இரண்டையும் ஒரே கயிற்றில் தொங்கவிடுவதே என் வழி.

1775இல் முதல் மஞ்சள் அட்டை: திருவாரூரில் முத்துசுவாமி பிறந்தார். சில நூல்கள் 1776 என்று கூறும். இந்திய அஞ்சல் துறை 1976இல் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. பழைய ஆண்டுகளைக் கணக்கிடுவதில் இத்தகைய வேறுபாடு வரும் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். கயிறு தொடங்குவதற்கு முன்னால், தூணிலேயே இரண்டு அட்டைகளை ஒட்டிவிடலாம்: 1762இல் சியாமா சாஸ்திரி, 1767இல் தியாகராஜர். தீட்சிதரோடு சேர்த்துக் கர்நாடக இசையின் மும்மூர்த்திகள் எனப்படும் இவ்விருவரும் அதே திருவாரூரில் பிறந்தவர்கள். பதின்மூன்று ஆண்டுகளுக்குள் ஓர் ஊர் இப்படி மூவரைத் தந்தது என்பதற்கு மேல் அங்கே விளக்கம் தேவையில்லை.

அந்த நாட்டில் அப்போது அமைதி இல்லை. 1780இல் மைசூரை ஆண்ட ஹைதர் அலி கர்நாடகப் பகுதியின்மீது படையெடுத்தார். அடுத்த ஆண்டு தஞ்சை நாட்டின் வயல்கள் அழிந்தன. அப்போது முத்துசுவாமிக்கு, நம் வகுப்பில் மிகச் சிறிய பிள்ளையைவிடவும் குறைந்த வயது. அக்காலத்தில் நம் தீவு பிரெஞ்சுக்காரர் கையில் 'பிரான்சுத் தீவு' என்ற பெயரோடு இருந்தது. புதுச்சேரியிலிருந்து வந்த தமிழ்க் கொத்தர்களும் தச்சர்களும் 1730களிலிருந்தே போர்ட் லூயிஸில் வேலை செய்துவந்தார்கள். நம் முன்னோர் எல்லாரும் ஒப்பந்தக் கூலிகளாகவே வந்தார்கள் என்று எண்ணும் பிள்ளைகளுக்கு இது புதிய செய்தியாக இருக்கும்.

கயிற்றில் மிகவும் சுவையான இடம் 1798. அந்த ஜனவரியில் ஹைதர் அலியின் மகன் திப்பு சுல்தானின் தூதர்கள் போர்ட் லூயிஸில் வந்து இறங்கினார்கள். ஆளுநர் மலர்த்திக், திப்புவுக்கு உதவத் தன்னார்வப் படைவீரர்கள் வேண்டும் என்று வெளிப்படையாக அறிவிப்பு ஒட்டினார். இரகசியமாக இருக்கவேண்டிய செய்தி ஊரறிந்த செய்தியாகி, கல்கத்தாவரை போய், கும்பினியார் போர் தொடுக்க ஒரு காரணமாயிற்று. 1799இல் திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்பு மாண்டார். அதே ஆண்டில் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி நாட்டு நிர்வாகத்தைக் கும்பினியிடம் ஒப்படைத்துவிட்டுக் கோட்டையோடும் பட்டத்தோடும் நின்றுகொண்டார். நீல அட்டையிலிருந்து மஞ்சள் அட்டைக்கு ஒரு சிவப்பு நூலைக் கட்டச் சொல்லுங்கள். போர்ட் லூயிஸ் சுவரில் ஒட்டிய ஒரு காகிதத்துக்கும் காவிரிக் கரையில் நடந்த போருக்கும் தொடர்பு இருந்ததை அந்த நூல் காட்டும்.

1810 ஆகஸ்டில் கிராண்ட் போர்ட் கடற்போரில் பிரெஞ்சுக்காரர் வென்றார்கள். டிசம்பரில் தீவு ஆங்கிலேயர் கைக்குப் போனது. அவர்களுடைய படையில் சென்னைப் பட்டாளத்துச் சிப்பாய்களும் இருந்தார்கள். அந்தச் சிப்பாய்களின் பேண்டு வாத்தியத்தில் எந்த மெட்டு ஒலித்திருக்கும் என்று கேளுங்கள். முதல் வாரம் கற்ற பாட்டைப் பிள்ளைகள் தாமாகவே பாடத் தொடங்குவார்கள்.

கடைசி முடிச்சருகே அட்டைகள் நெருங்கி நிற்கும். 1834 நவம்பர் 2இல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்து இறங்கினார்கள். 1835 பிப்ரவரி 1இல் அடிமை முறை ஒழிந்தது. இவ்விரண்டும் நமக்கு விடுமுறை நாட்கள் என்பதால் தேதியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே 1835இல், அக்டோபர் 21ஆம் நாள், தீபாவளியன்று, எட்டயபுரத்தில் தீட்சிதர் மறைந்தார். மோட்சார்ட்டும் பீத்தோவனும் இதே கயிற்றில் வருவார்கள். 1791, 1827 என்று அவர்கள் மறைந்த ஆண்டுகளை மட்டும் ஒட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். ஒப்பிட்டுப் பேசத் தொடங்கினால் யார் பெரியவர் என்ற வீண் சண்டையில் முடியும்.

இங்கே ஓர் உண்மையை மழுப்பாமல் சொல்ல வேண்டும். கப்பலேறி வந்த நம் முன்னோர் தீட்சிதர் கீர்த்தனைகளைப் பாடிக்கொண்டு வரவில்லை. அவை கோவில்களிலும் அரண்மனைகளிலும் சில குடும்பங்களிலும் வழங்கியவை. வயலில் வேலை செய்தவர்களிடம் காவடிப் பாட்டும் கும்மியும் தெருக்கூத்தும் இருந்தன. கர்நாடக இசையைத் தீவில் முறையாகக் கற்கும் வாய்ப்பை 1970இல் மோக்காவில் தொடங்கிய மகாத்மா காந்தி நிறுவனம் பெருமளவில் ஏற்படுத்தித் தந்தது. தீட்சிதரை 'நம் முன்னோர் சொத்து' என்று பூசி மெழுகாமல், நாம் பிற்பாடு கற்றுக்கொண்ட செல்வம் என்று சொன்னால், காவடிப் பாட்டுப் பாடும் பிள்ளை அதைத் தாழ்வாக நினைக்காது.

கல்கண்டும் காசியும்

மூன்றாம் வகுப்புக்குக் கல்கண்டு வாங்கிச் செல்லுங்கள். திருத்தணியில் முருகன் ஒரு முதியவராக வந்து, கண்ணை மூடி வாயைத் திற என்று சொல்லி, தீட்சிதரின் நாவில் கல்கண்டை வைத்தார் என்றும், உடனே அவர் 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' என்று தம் முதல் கீர்த்தனையைப் பாடினார் என்றும் சொல்வார்கள். பிள்ளைகள் கண்ணை மூடியிருக்கும்போது ஆளுக்கொரு கல்கண்டை நாவில் வைத்து, அது கரையும்வரை பேசாமல் அந்தப் பாட்டைக் கேட்கச் செய்யுங்கள். கரும்புத் தீவுப் பிள்ளைகளுக்கு இனிப்பு புதிதன்று. ஆனாலும் கல்கண்டு மெதுவாகத்தான் கரையும், தீட்சிதர் பாட்டும் மெதுவாகத்தான் நடக்கும். அவசரப்படும் பிள்ளை கடித்துவிடும், அது வேறு.

வரலாற்றையும் மரபுக் கதையையும் பிரித்துச் சொல்லும் பழக்கத்தை இங்கே வைத்துக்கொள்ளுங்கள்: 'நடந்தது' என்பதை 1799க்குச் சொல்கிறோம், 'சொல்வார்கள்' என்பதைக் கல்கண்டுக்குச் சொல்கிறோம். ஆனால் கதையோடு சேர்ந்து வரும் பாட்டு உண்மையானது. அது மாயாமாளவகௌளை இராகத்தில் அமைந்தது. தொடக்க இசைப் பாடமான சரளி வரிசை கற்ற பிள்ளைகள் முதலில் பாடிய இராகமும் அதுவே. குருகுஹ என்னும் சொல் முருகனைக் குறிக்கும். தம் பாடல்களில் தீட்சிதர் பதிக்கும் முத்திரையும் அதுவே. 'ஸந்ததம் பாஹி மாம்' பாட்டிலும் அது உண்டு. தேடிக் கண்டுபிடிப்பவருக்கு இரண்டாவது கல்கண்டு.

காசியில் அவர் சிதம்பரநாத யோகி என்னும் குருவோடு சில ஆண்டுகள் தங்கி, வட இந்திய இசையைக் கேட்டுப் பழகினார். 'ஜம்பூபதே' என்னும் கீர்த்தனையின் யமுனா கல்யாணி இராகத்தில் அந்த வாசனை தெரியும். அவர் வீணை வாசிப்பவர் என்பதும் அந்த நிதான நடைக்கு ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். கிழமைக்கு ஒரு கிரகப் பாடல் என ஞாயிறு முதல் சனி வரை ஏழு உண்டு. பிள்ளைகள் தாங்கள் பிறந்த கிழமையைப் பெற்றோரிடம் கேட்டுவந்தால் அவரவர் பாட்டின் முதல் சொல்லை நோட்டில் எழுதித் தரலாம். ஞாயிற்றுக்கு 'சூர்யமூர்த்தே', வியாழனுக்கு 'ப்ருஹஸ்பதே'. பாடச் சொல்ல வேண்டாம், அவை கடினமானவை.

வாசிப்புப் பக்கம்

நான்காம் வகுப்பில்தான் எழுத்து. ஒரே பக்கம், பெரிய எழுத்து, வாக்கியத்துக்கு ஐந்தாறு சொல் என்று நீங்களே எழுதிக்கொள்வது நல்லது. பெரியவர்களுக்கான நூல்களிலிருந்து நகலெடுத்தால் பாதிச் சொல் புரியாது. பாடல் வரிகளில் ஒரு சிக்கல் உண்டு. தமிழில் 'கு' என்று ஒரே எழுத்துத்தான். ஆனால் குருகுஹ என்பதில் இரண்டு கு-வும் மென்மையாக, 'தங்கு' என்பதில் வரும் கு போல ஒலிக்க வேண்டும். இசை நூல்களில் எழுத்தின் மேல் 2, 3, 4 என்று சிற்றெண் இடுவார்கள்: கு³ருகு³ஹ. அந்த எண்ணின் பொருளை ஒருமுறை சொல்லிவிட்டால் பிள்ளைகள் அதை இரகசியக் குறியீடு போல விரும்பி எழுதுவார்கள். ரோமன் எழுத்தில் அச்சிட்டுக் கொடுக்கும் சுருக்கு வழியை நான் விரும்புவதில்லை. பிள்ளைகள் பிரெஞ்சு உச்சரிப்பில் வாசிக்கிறார்கள்.

வாசித்து முடித்ததும் ஆறு பிள்ளைகளை வரிசையாக நிறுத்துங்கள். முதல்வர் முத்துசுவாமி, அடுத்தவர் தம்பி பாலுசுவாமி, மூன்றாமவர் பாலுசுவாமியின் மகள்வழிப் பேரன் சுப்பராம தீட்சிதர், நான்காமவர் அவருடைய மகன் அம்பி தீட்சிதர், ஐந்தாமவர் அவரிடம் கற்ற பாடகி டி.கே. பட்டம்மாள், ஆறாமவர் வகுப்பில் ஒரு பிள்ளை. முதல்வர் ஒரு வரியைக் காதோடு காதாகப் பாட, அது கடைசிவரை போகட்டும். கடைசியில் வருவது கொஞ்சம் மாறியிருக்கும். ஒலிப்பதிவு இல்லாத காலத்தில் பாட்டு இப்படித்தான் பயணம் செய்தது என்றும், சுப்பராம தீட்சிதர் அவற்றைச் சுரப்படுத்தி 1904இல் எட்டயபுரத்தில் அச்சிட்டபோது தீட்சிதர் மறைந்து 69 ஆண்டுகள் ஆகியிருந்தன என்றும் அப்போது சொல்லலாம். எட்டயபுரம் என்றதும் பாரதியார் பிறந்த ஊர் என்று யாராவது சொன்னால் உங்கள் தமிழ் வகுப்பு நன்றாக நடக்கிறது என்று பொருள்.

இந்த நான்கு வகுப்புகளையும் செப்டம்பர் கடைசியில் தொடங்கினால், கடைசி வகுப்பு தீபாவளியை ஒட்டி வரும். கோவில் நிர்வாகத்தாரிடம் முன்கூட்டியே சொல்லி, மாலைப் பூசைக்கு முன் பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மைக் வேண்டாம். பிள்ளைகள் 'ஸந்ததம் பாஹி மாம்' பாட்டை முதலில் டோ ரே மி என்றும், பிறகு ஸ ரி க என்றும், மூன்றாவதாகச் சொற்களோடும் பாடட்டும். பாட்டிமார்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டுவையுங்கள், சிலர் பழக்கத்தில் எழுந்து நின்றுவிடுவார்கள்.